நூலக, தகவல் அறிவியல் பட்டப்படிப்பு: தெரிவும் செலவும்

நூலக, தகவல் அறிவியல் என்பது நூல்கள், இதழ்கள், ஆவணங்கள், மின்வளங்கள் ஆகியவற்றைத் தெரிந்தெடுத்து, பகுத்து, பட்டியலிட்டு, பாதுகாத்து, நாடி வருவோருக்குக் கிடைக்கச் செய்யும் பணிக்கான தொழிற்கல்வி ஆகும். இந்தியாவில் இது பெரும்பாலும் வேறொரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற பின்னர் படிக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் இதன் பட்டங்கள் ‘பி.லிப்.’, ‘எம்.லிப்.’ என்றே அறியப்படுகின்றன. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளோடு ஒப்பிட்டால் இதன் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு நூலகப் பதவிக்கும் தனித்தனித் தகுதி விதி இருப்பதால், பொருந்தாத பட்டம் பெற்றவர் மீண்டும் ஓராண்டு படிக்க நேரலாம். எனவே எந்தப் பதவியை நோக்கிப் படிக்கிறோம் என்பதே படிப்பின் தெரிவையும், அதன் உண்மையான செலவையும் தீர்மானிக்கிறது.

வரலாறு

இந்தியாவில் நூலகப் பயிற்சியை முதலில் தொடங்கியது பரோடா சமஸ்தானம். அங்கு அமெரிக்கரான வில்லியம் போர்டன் 1911இல் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1915இல் லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் மற்றோர் அமெரிக்கரான ஏசா டான் டிக்கின்சன் பல்கலைக்கழக அளவிலான பயிற்சியைத் தொடங்கினார்.

தென்னிந்தியாவில் இக்கல்விக்கு அடித்தளம் இட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் 1929இல் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1937இல் அது முழுநேர ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. பின்னர் ரங்கநாதன் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை, முனைவர் பட்ட நிலைகளுக்கு வழிகோலினார். 1962இல் பெங்களூருவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவினார்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்து வரியுடன் வசூலிக்கப்படும் நூலக வரியும், மாவட்டந்தோறும் அமைந்த நூலக ஆணைக்குழுக்களும் அச்சட்டத்தின் வழி வந்தவை. பயிற்சி பெற்ற நூலகர்களுக்கு அரசுத்துறையில் நிலையான தேவை உருவாக இந்த ஏற்பாடு காரணமாயிற்று.

படிப்பின் படிநிலைகள்

சான்றிதழ்ப் படிப்பு. பள்ளிக்கல்வி முடித்தவர்களுக்கு உரியது. சில மாதங்களில் முடியும். பொது நூலகத் துறையின் அடிப்படை நிலைப் பணிகளுக்கு இது பயன்பட்டு வருகிறது.

இளநிலைப் பட்டம். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் ஓராண்டு படிப்பது. இளநிலை என்று பெயர் பெற்றிருந்தாலும், கல்வியியலில் பி.எட். போலவே இதுவும் பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு.

முதுநிலைப் பட்டம். இதற்கு இரு வழிகள் உள்ளன. நூலகவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர் ஓராண்டில் முடிக்கலாம். வேறு பாடப் பட்டதாரிகள் இரண்டாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பில் நேரடியாகச் சேரலாம்.

முனைவர் பட்டம். முதுநிலைக்குப் பின் ஆய்வுக்கு உரியது. இடைநிலையில் இருந்த ஆய்வியல் நிறைஞர் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் நீக்கிவிட்டன.

ஓராண்டுப் பட்டங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதற்கும், ஒருங்கிணைந்த படிப்புக்கும் காலம் ஒன்றே. முதல் வழியில் செல்பவர் ஓராண்டு முடிவிலேயே பள்ளி நூலகர் போன்ற பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மேற்படிப்பை வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் தொடரலாம். இரண்டாம் வழியில் செல்பவருக்கு இடையில் மீண்டும் சேர்க்கைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் சில பதவிகளுக்கான விதிகள் இளநிலை நூலகவியல் பட்டத்தையோ பட்டயத்தையோ பெயர் குறிப்பிட்டுக் கேட்கின்றன. ஒருங்கிணைந்த முதுநிலைப் பட்டம் அதற்கு ஈடாக ஏற்கப்படுமா என்பதை அந்தந்தப் பணி அறிவிக்கையில் பார்த்துத் தெளிய வேண்டும்.

பதவிகளும் தகுதிகளும்

கல்லூரி நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர் பதவிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் பொருந்தும். நூலகவியல் முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், அத்துடன் தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் வேண்டும். விதிப்படி பெற்ற முனைவர் பட்டம் இருந்தால் தேர்வில் விலக்கு உண்டு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு அளிக்கப்படுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி இப்பதவிகளின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். உதவிப் பேராசிரியருக்கும் அதே தொகைதான். முதுநிலையில் 55 விழுக்காட்டைத் தவறவிடுபவருக்கு இந்தக் கதவு அடைபடும் என்பதால், தேர்ச்சி மட்டும் போதும் என்ற எண்ணம் இப்படிப்பில் உதவாது.

கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் நூலகராக, நூலகவியல் இளநிலைப் பட்டம் போதும். அல்லது ஏதேனும் ஒரு பட்டத்துடன் ஓராண்டு நூலகவியல் பட்டயம் இருக்க வேண்டும். இப்பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். தமிழ்நாட்டில் மாவட்ட நூலக அலுவலர், நூலகர், நூலக உதவியாளர் போன்ற அரசுப் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் போட்டித் தேர்வு நடத்துகிறது. சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரு நூலகங்கள் இத்துறையின் பணிக்களத்தை விரிவாக்கியுள்ளன. சுயநிதிக் கல்லூரிகளிலும் தனியார் பள்ளிகளிலும் இடங்கள் மிகுதி; ஆனால் அங்கு ஊதியம் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் வேறுபடும்.

அங்கீகாரம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் அமெரிக்க நூலகச் சங்கம் நூலகவியல் முதுநிலைப் படிப்புகளை ஆய்வு செய்து ஏற்பளிக்கிறது. அந்த ஏற்பு இல்லாத பட்டம் பெற்றவருக்குப் பல நூலகங்கள் வேலை தருவதில்லை. பிரிட்டனில் சிலிப் என்னும் தொழில்முறை அமைப்பு அப்பணியைச் செய்கிறது. இந்தியாவில் வழக்கறிஞர் மன்றம், மருத்துவ ஆணையம் போல நூலகவியலுக்கெனச் சட்டபூர்வமான தனி அமைப்பு கிடையாது. 1933இல் தோன்றிய இந்திய நூலகச் சங்கம் உள்ளிட்டவை தொழில்சார் சங்கங்கள் மட்டுமே; பட்டங்களுக்கு ஏற்பு வழங்குவதில்லை. ஆகவே பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருப்பதே அடிப்படைச் சான்று. கற்பிக்கும் தரத்தை மாணவரே ஆராய்ந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

தொலைநிலைக் கல்வியில் கூடுதல் கவனம் தேவை. மருத்துவம், பொறியியல் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தத் தடை உண்டு. நூலகவியலுக்கு அத்தடை இல்லை. மானியக் குழுவின் ஒப்புதலுடன் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்கு நிகரானது. ஆனால் ஒப்புதல் பல்கலைக்கழகம் முழுமைக்கும் என்றென்றைக்குமாகத் தரப்படுவதில்லை. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்கு எனத் தரப்படுகிறது. சேரும் ஆண்டுக்கான ஒப்புதலை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் சரிபார்த்த பின்னரே பணம் கட்டுவது முறை. ஒரே நேரத்தில் இரு பட்டங்கள் படிக்க 2022இல் அனுமதி வழங்கப்பட்டதால், நேரடி வகுப்பில் வேறொரு முதுகலை படிப்பவரும் நூலகவியலைத் தொலைநிலையில் தொடர வாய்ப்பு ஏற்பட்டுள்ளது.

கல்வி நிறுவனங்கள்

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகம், அழகப்பா பல்கலைக்கழகம், பெரியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நூலகவியல் துறைகள் உள்ளன. திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரி, இப்பாடத்தை நடத்தும் கல்லூரிகளில் அறியப்பட்ட ஒன்று. தொலைநிலையில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இப்பட்டங்களை வழங்குகின்றன.

பெங்களூருவில் உள்ள ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையத்தின் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு தனித்தன்மை கொண்டது. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வழியாகச் சிலரே சேர்க்கப்படுகின்றனர். கணினி, புள்ளியியல், அறிவு ஒழுங்கமைப்பு ஆகியவற்றுக்கு அங்கு மிகுந்த இடம் தரப்படுகிறது. கல்விக் கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகையும் வழங்கும் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் மரபு இப்படிப்புக்கும் பொருந்துவதால், பணவசதி இல்லாத திறமையான மாணவர்களுக்கு இது சிறந்த வாய்ப்பு.

நிறுவனத்தை மதிப்பிடும் முறை

பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் கேட்டு அறிவதைவிடச் செய்து பழக வேண்டிய பாடங்கள். டூயி தசமப் பகுப்பு, கோலன் பகுப்பு ஆகியவற்றின் தொகுதிகளை மாணவர் கையில் எடுத்துப் பயிலப் போதிய படிகள் துறையில் இருக்க வேண்டும். பட்டியலாக்கத்தில் மார்க் 21 வடிவத்தைக் கையாளவும், நூலகத் தானியக்கத்துக்குக் கோஹா, எண்ணிம ஆவணகத்துக்கு டிஸ்பேஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களைக் கணினிக்கூடத்தில் நிறுவி இயக்கிப் பழகவும் வாய்ப்பு இன்றியமையாதது. வேலைக்கான நேர்காணல்களில் இவற்றைப் பற்றியே மிகுதியாகக் கேட்கப்படுகிறது.

நிரந்தர ஆசிரியர்களின் எண்ணிக்கை, நெட் தேர்ச்சி பெற்ற முன்னாள் மாணவர்கள், பெரிய நூலகம் ஒன்றில் உள்ளகப் பயிற்சிக்கான ஏற்பாடு, பாடத்திட்டம் கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு ஆகியவை மற்ற அளவுகோல்கள். இன்றைய பாடத்திட்டத்தில் மின்னிதழ்ச் சந்தா, ஆய்வு அளவையியல், கருத்துத் திருட்டைக் கண்டறிதல், ஆய்வேடுகளைச் சேமிக்கும் சோத்கங்கா போன்ற களஞ்சியங்கள் ஆகியவை இடம்பெற வேண்டும். தமிழ் நூல்களைக் கையாள விரும்புவோருக்கு ஒருங்குறி, பெயர்களின் ஒலிபெயர்ப்பு, ஒரே ஆசிரியரின் பல பெயர் வடிவங்களை இணைத்தல் ஆகியவற்றில் பயிற்சி தரும் துறை மேலும் பயன் தரும்.

தொலைநிலையில் படிப்பவருக்கு இச்செய்முறை வாய்ப்பு குறைவு. அருகில் உள்ள கல்லூரி நூலகத்திலோ கிளை நூலகத்திலோ அனுமதி பெற்றுப் பழகுவோர் அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றனர்.

செலவு

அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பின் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் அடங்குவதே வழக்கம். தனியார் நிறுவனங்களில் இது கூடும். கல்விக் கட்டணம் மொத்தச் செலவின் ஒரு பகுதிதான். தேர்வுக் கட்டணம், தகுதிச் சான்று, இடப்பெயர்வுச் சான்று, பட்டமளிப்புக் கட்டணம் ஆகியவை தனித்தனியே வசூலிக்கப்படும். வெளியூரில் தங்கிப் படிப்பவருக்கு விடுதி, உணவுச் செலவு பெரும்பாலும் கல்விக் கட்டணத்தை விஞ்சும். தொலைநிலையில் கட்டாயச் செய்முறை வகுப்புகளுக்குச் சென்றுவரும் செலவையும், அந்த நாட்களின் விடுப்பையும் கணக்கிட வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு மிகப் பெரிய செலவு, முழுநேரப் படிப்புக்காக இழக்கும் ஊதியம். அவருக்குத் தொலைநிலை சிக்கனமானது. புதிதாகப் பட்டம் பெற்ற, ஆய்வையும் கல்லூரிப் பணியையும் நாடும் மாணவருக்கு நேரடி வகுப்பே ஏற்றது. செய்முறைப் பயிற்சி, நெட் தயாரிப்பு, வழிகாட்டும் ஆசிரியரின் அறிமுகம் ஆகிய மூன்றும் அங்கேதான் சேர்ந்து கிடைக்கின்றன.

நிதியுதவி

பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை பெற, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை வகுப்பினருக்கும் தனித் திட்டங்கள் உண்டு. நூலகவியல் மாணவர்கள் இங்கு ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கான மத்தியத் திட்ட விதிகளின்படி, கல்வியின் ஒரு நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் படித்தால் உதவி கிடைக்காது. இளங்கலைப் பட்டதாரி மீண்டும் ‘இளநிலை’ எனப் பெயர் பெற்ற பட்டத்தில் சேரும்போது இக்கேள்வி எழக்கூடும். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு அடுத்த நிலையாகவே அமைவதால் அவருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் முன்பே வேறொரு முதுகலை முடித்தவர் அதிலும் உதவியை எதிர்பார்க்க முடியாது. சேருமுன் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், அரசின் வரையறைக்கு உட்பட்ட பள்ளிகளில் பயின்று முதல் பட்டமோ பட்டயமோ படிப்போருக்கானது. பட்டத்துக்குப் பிந்தைய நூலகவியலுக்கு அதைக் கணக்கில் கொள்ள இயலாது.

நெட் தேர்வில் உயர் மதிப்பெண் பெற்று இளநிலை ஆய்வாளர் நல்கைக்குத் தேர்வாகும் முனைவர் பட்ட மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், மூத்த நிலையில் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. முதுநிலை இறுதியாண்டு மாணவர்களும் இத்தேர்வை எழுதலாம். படிப்பு முடித்தோரை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் நூலகங்கள் மாத உதவித்தொகையுடன் பயிற்சியாளர்களாகச் சேர்ப்பதுண்டு. இது அனுபவச் சான்றாகவும் அமையும்.

கல்விக்கடன் இப்படிப்புக்கு அரிதாகவே தேவைப்படும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்கப்படுவதில்லை; படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்குவதில்லை. அக்காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். சுயநிதி நிறுவனத்தில் தொடக்க ஊதியம் குறைவாக இருக்கும் வாய்ப்பைக் கருதினால், விடுதிச் செலவு போன்ற தவிர்க்க முடியாத தேவைக்கு மட்டும் கடன் பெறுவது பாதுகாப்பானது. வெளிநாட்டில் நூலகவியல் படிக்க விரும்புவோரின் நிலை வேறு. அங்கு கட்டணமும் வாழ்க்கைச் செலவும் பல மடங்கு என்பதால், அந்நாட்டுத் தொழில் அமைப்பின் ஏற்பு, படிப்புக்குப் பின் பணிபுரியும் அனுமதி ஆகிய இரண்டும் உறுதியான பின்னரே கடன் முடிவு எடுக்கத்தக்கது.