கயிறு போய் வயர் வந்தது, வயரும் போய் பேட்டரி வந்தது: டிரில் மெஷினின் கதை

செமஸ்டர் லீவுக்குப் போடிநாயக்கனூர் போயிருந்தபோது வீட்டில் நடந்த ஒரு சம்பவம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் எச்சரிக்கை என்று கலந்து இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தாத்தா அந்தக் காலத்து ஆசாரி. சித்தப்பா அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். வீடு தேனி மாவட்டம், வேலை இடுக்கி மாவட்டம். எங்கள் ஊரில் இப்படி எத்தனையோ குடும்பங்கள். காலையில் ஜீப் ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவு தாண்டித்தான் வேலைக்குப் போக முடியும்.

சித்தப்பா புதிதாக ஒரு பேட்டரி டிரில் வாங்கியிருந்தார். வீட்டில் கிடந்த பழைய பலா மரப் பலகையில் ஷெல்ஃப் அடிக்க வேண்டும் என்று ஆசை. பலகையைத் தரையில் போட்டு, இடது காலால் மிதித்துக்கொண்டு, பெரிய பிட்டை மாட்டி ஓட்டை போட ஆரம்பித்தார். பாதி இறங்கியதும் பிட் மரத்தில் மாட்டிக்கொண்டது. பிட் நின்றுவிட்டது, ஆனால் மெஷின் நிற்கவில்லை. மணிக்கட்டு அப்படியே முறுக்கிக்கொண்டது. பலகை கிளம்பி வந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. எல்லாம் ஒரு நொடியில்!

எலும்பு முறியவில்லை. ஆனால் மணிக்கட்டில் கட்டு, மூன்று வாரம் வேலை கிடையாது. அது காய் எடுக்கும் சீசன். ஸ்டோரில் ராப்பகலாக வேலை நடக்கிற நேரம். மூன்று வாரக் கூலி என்பது எங்கள் வீட்டில் சின்னக் கணக்கு இல்லை.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எங்க காலத்துல கயிறு இழுக்கிறவன் நிறுத்துனா துரப்பணமும் நின்னுரும். இது யாரு சொன்னா நிக்கும்?"

அந்தக் கேள்வி என் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இனி வருபவை.

கயிற்றின் காலம்

துளை போடுவது மனிதனுக்கு மிகப் பழைய வித்தை. பாகிஸ்தானின் பலூசிஸ்தான் பகுதியில் உள்ள மெஹர்கர் என்ற இடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர்களின் கடைவாய்ப் பற்களில் துளையிட்ட தடயங்கள் கிடைத்தன. 2006ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இது வெளியானது. கல் முனை வைத்த வில் துரப்பணத்தால் போட்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் பல்லில் டிரில்! நினைத்தாலே கூசுகிறது :-)

நம் ஊர் ஆசாரிகளும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்தார்கள். துரப்பணத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றின் இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுப்பார். மோர் கடைவது போல. முனை மரத்தில் மாட்டிக்கொண்டால் கயிறு வழுக்கும். அவ்வளவுதான், யாருக்கும் அடிபடாது. அதாவது அந்தக் கருவிக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. கயிறு வழுக்குவது ஒன்று, இழுக்கிற ஆள் நிறுத்துவது இன்னொன்று. தாத்தா கேட்டது இதைத்தான்.

வயரின் காலம்

1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் என்ற இருவர் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது பெரிய இயந்திரம். கையில் தூக்கிப் பிடிக்கக்கூடிய மின்சார டிரில்லை 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம் செய்தது.

இன்று நாம் பார்க்கிற துப்பாக்கி வடிவம் அமெரிக்காவில் இருந்து வந்தது. 1910இல் பால்டிமோரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இரண்டு நண்பர்கள் ஒரு சின்னப் பட்டறை ஆரம்பித்தார்கள். அதுதான் பிளாக் அண்ட் டெக்கர். கைத்துப்பாக்கியின் பிடியையும் விசையையும் டிரில்லில் வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1917இல் காப்புரிமை கிடைத்தது. விரலை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். தாத்தாவின் 'கயிறு இழுக்கிற ஆள்' இங்கே ஒரு விரலாக மாறிவிட்டார்!

ஆனால் இதில் ஒரு சிக்கல். கை திடீரென்று முறுக்கிக்கொள்ளும்போது நாம் விரலை விடுவதில்லை, பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான்.

இந்தக் கருவிகள் பட்டறையை விட்டு வீட்டுக்குள் வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. போர்க்காலத்தில் தொழிலாளர்கள் தொழிற்சாலை டிரில்களை வீட்டு வேலைக்காகக் கொண்டுபோவதைக் கவனித்த அதே நிறுவனம், 1946இல் வீட்டு உபயோகத்துக்கென்றே விலை குறைந்த டிரில்லை விற்க ஆரம்பித்தது. பட்டறையில் பழகியவர் கையில் இருந்த கருவி, பழகாதவர் கைக்கு வந்தது.

எங்கள் மலைப்பக்கம் மின்சாரம் வந்த கதையும் கிட்டத்தட்ட இதே காலம்தான். மூணாறு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்பு மலையில் பெரிய 'கம்பி' என்றால் ரோப்வே கம்பிதான். மூணாறு தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேரும். மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சின்ன ரயிலை 1924 வெள்ளம் அடித்துப்போனது.

பேட்டரியின் காலம்

வயர் இல்லாத டிரில்லை நாசா கண்டுபிடித்தது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை அதுவல்ல. பிளாக் அண்ட் டெக்கர் 1961இலேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை வெளியிட்டுவிட்டது. நாசா வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் ஜெமினி திட்டத்துக்கு ஒரு ஸ்பானர் மெஷின். எடையற்ற விண்வெளியில் நட்டைத் திருகினால் நட்டுக்குப் பதில் ஆள் சுற்றிவிடுவார் இல்லையா? அப்படிச் சுற்றாமல் இருக்க வடிவமைத்தார்கள். சித்தப்பாவின் பிரச்சினையும் விண்வெளி வீரரின் பிரச்சினையும் ஒன்றுதான்!

பிறகு நிலாவுக்கே ஒரு டிரில் போனது. 1971இல் அப்போலோ 15இல் டேவிட் ஸ்காட் அதை வைத்து நிலாவில் ஓட்டை போட்டார். 3 மீட்டர் ஆழம் போக வேண்டும் என்பது திட்டம். தண்டின் வடிவமைப்பில் கோளாறு, மண்ணும் இறுகிப்போய் இருந்தது. பாதி ஆழம்தான் போக முடிந்தது. மண் மாதிரி எடுக்க இறக்கிய தண்டும் மாட்டிக்கொண்டது. அதை வெளியே இழுக்க இரண்டு பேர் தோள் கொடுத்துப் போராட வேண்டியிருந்தது. நிலாவிலேயே பிட் மாட்டும் என்றால் பலா மரத்தில் மாட்டாதா?

1978இல் ஜப்பானின் மக்கீட்டா 7.2 வோல்ட் டிரில்லைக் கொண்டுவந்தது. 2005இல் மில்வாக்கி நிறுவனம் 28 வோல்ட் லித்தியம்-அயன் கருவிகளை வெளியிட்டது. அதன் பிறகு பேட்டரி டிரில் விளையாட்டுச் சாமான் இல்லை. இன்றைய 18 வோல்ட் டிரில் சாதாரணமாக 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். புரியும்படி சொன்னால், அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டு, மறுநுனியை மணிக்கட்டால் தாங்குவது போல. அதுவும் எதிர்பாராமல்.

'வயர் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை' என்ற எண்ணம்தான் இங்கே எதிரி. கடையில் 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டிலும் 5 செல்தான். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் சுமார் 4.2 என்று கணக்கிட்டால் 20க்குக் கொஞ்சம் மேல். எண் பெரிதாக இருப்பதாலேயே பலம் அதிகம் என்று ஆகிவிடாது.

தாத்தாவின் கேள்விக்குப் பதில்

'யாரு சொன்னா நிக்கும்?' நாம் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் நிற்கும். எப்படி?

முதலில் கிளட்ச். டிரில்லின் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அதுதான் தாத்தாவின் வழுக்கும் கயிறு. வைத்த எண்ணுக்கு மேல் பளு வந்தால் 'கடகட' என்று சத்தம் போட்டு வழுக்கிவிடும். ஸ்க்ரூ முடுக்கும்போது சின்ன எண்ணில் ஆரம்பியுங்கள். ஆனால் வளையத்தை டிரில் படம் இருக்கும் இடத்துக்குத் திருப்பினால் பெரும்பாலான மெஷின்களில் கிளட்ச் வேலை செய்யாது. பெரிய ஓட்டை போடும்போது இதை மறக்கக் கூடாது. பக்கவாட்டுக் கைப்பிடி கொடுத்திருந்தால் மாட்டுங்கள், வேகத்தைக் குறைத்து 1ஆம் கியரில் வையுங்கள், பிட்டை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள்.

இரண்டாவது, பலகையைக் காலால் மிதிக்காதீர்கள். சி-கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள். கிளாம்புக்குக் கொடுக்கும் காசு மூன்று வாரக் கூலியை விட மிகக் குறைவு.

மூன்றாவது, பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். வயர் இருந்த காலத்தில் பிளக்கைப் பிடுங்கினால் கண்ணுக்கே தெரியும். இதில் பிளக் இல்லை, அதனால் மெஷின் எப்போதும் உயிரோடுதான் இருக்கிறது.

நான்காவது, உடை. போடியில் தோளில் துண்டு, மேலே மலையில் குளிருக்கு மஃப்ளர், சால்வை. இரண்டும் சுழலும் பிட்டுக்குப் பிடித்தமான சாப்பாடு. துப்பட்டாவும் அவிழ்த்துவிட்ட முடியும் அப்படியே. டிரில் பிடிக்கும் கையில் தொளதொள கையுறையும் வேண்டாம், பிட் அதைப் பற்றினால் விரலையும் சேர்த்துச் சுற்றும். கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் கட்டாயம்.

ஐந்தாவது, சுவர். பேட்டரி டிரில் ஷாக் அடிக்காது என்பது பாதிதான் உண்மை. சுவருக்குள் ஓடும் வயரில் பிட் பட்டால் அது 230 வோல்ட். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பைப் ஓடும் என்று வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தவிருங்கள். சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுப் போடுங்கள். பேட்டரி டிரில்லின் பெரிய வசதியே இதுதான், கரண்ட் இல்லாமலும் வேலை நடக்கும்!

ஆறாவது, கிரைண்டர். பேட்டரி ஆங்கிள் கிரைண்டரில் கார்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் ஆளை நோக்கித் திரும்பும். கிளட்சும் கிடையாது, கயிறும் கிடையாது.

கடைசியாக பேட்டரி. கீழே போடியில் வெயில், மேலே ஈரம், இரண்டுமே இதற்கு ஆகாது. தகரக் கூரைக்கு அடியிலும், வெயிலில் நிற்கும் ஜீப்பிலும் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். அதற்குரிய சார்ஜர் மட்டும். படுக்கை மேலோ, வாசலை அடைத்த மாதிரியோ வைத்துச் சார்ஜ் போட வேண்டாம், இரவு முழுவதும் விட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். ஆணி, ஸ்க்ரூ கிடக்கும் டப்பாவில் பேட்டரியைப் போட்டால் முனைகள் ஷார்ட் ஆகும். உப்பியது, கீழே விழுந்து விரிசல் விட்டது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். புகை வந்தால் கையில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், எல்லோரும் வெளியேறி 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்கும் போகக் கூடாது. 2022ஆம் ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உள்ளவர்கள். வாங்கிய கடையில் கேளுங்கள்.

முடிவாக

சித்தப்பாவின் கை இப்போது சரியாகிவிட்டது. அந்த ஷெல்ஃபையும் முடித்துவிட்டார், இந்த முறை இரண்டு கிளாம்ப் போட்டு. தாத்தா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பிட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும், பிட்டை இறுக்கிக் காட்டிய பிறகுதான் திருப்பித் தருவார். சித்தப்பா முணுமுணுத்தார், ஆனால் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு டிரில் இருக்கலாம். அடுத்த முறை எடுக்கும்போது தாத்தாவின் கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த பிறகு விரலை வையுங்கள்.