பாதசாரியின் ஹக்கு

பாதையில் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். திருச்சி தென்னூரில் உழவர் சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் நடந்து செல்வோருக்குச் சாலையைக் கடப்பதே தொல்லை.

சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் நடப்பவருக்கே முன்னுரிமை என்கின்றன 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். ஆனால் வெள்ளைக் கோடு மட்டும் வண்டியை நிறுத்தாது. சாலையின் அமைப்பும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

விநாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் 12 மீட்டர் சாலையைக் கடக்க 10 விநாடி ஆகும். முதியவர்களுக்கு இன்னும் கூடும். நடுவில் நின்றுகொள்ளத் திட்டு இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகளைக் கவனித்தால் போதும். கிராசிங்கை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால் அதுவே வேகத்தடை; சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும். முனையில் வண்டிகள் நிற்காவிட்டால், கடக்க வரும் குழந்தை ஓட்டுநரின் கண்ணில் படும்.

இவற்றை மாநகராட்சியிடம் கேட்பது ஜமாஅத்தின் பொறுப்பு. ஜும்ஆ நேரத்தில் அந்த முனையில் பைக்கை நிறுத்தாதிருப்பது நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.