நடுக்குவாதமும் பூனைக்காலி விதையும்

புதூர்நாடு அமைந்திருக்கும் ஜவ்வாது மலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகளின் புதர்க்காடுகளில் பூனைக்காலி என்றொரு கொடி படர்கிறது. கருஞ்சிவப்பு கலந்த ஊதாநிறப் பூக்கள்; வளைந்த காய்கள்; காய்களின்மேல் பட்டுப்போன்ற சுணை. அந்தச் சுணை தோலில் பட்டால் ஏற்படும் தினவைக் காட்டுக்குள் போய்வந்தவர்கள் மறக்கமாட்டார்கள். வடமொழியில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று கபிகச்சு, அதாவது குரங்குக்குத் தினவு தருவது. மற்றொன்று ஆத்மகுப்தா, தன்னைத் தானே காத்துக்கொள்வது. இந்த விதையை முன்வைத்துப் பல ஆண்டுகளாக ஒரு கூற்று நம்மிடையே உலவிவருகிறது. பார்க்கின்சன் நோய்க்கு மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த மருந்தை நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதே அக்கூற்று. இதில் உண்மை எவ்வளவு, பெருமிதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். இந்தப் பெருமிதத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் நோயாளிகள் இருக்கிறார்கள்.

முதலில் நூல்கள். சரக சம்ஹிதை வாதநோய்கள் என்பது என எண்ணி வகைப்படுத்துகிறது. நடுக்கத்தைக் குறிக்கும் வேபது என்ற சொல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பின்னர் வந்த மாதவ நிதானம் உடலெங்கும் தலையிலும் காணும் நடுக்கத்தை வேபது என்ற பெயரால் விளக்குகிறது. ஆனால் நடுக்கம் என்பது ஒரு குறி. முதுமையாலும் அச்சத்தாலும் குடியாலும் வேறு நோய்களாலும் கை நடுங்கும். நடுக்கம், தசை இறுக்கம், அசைவின் மந்தம், முன்சாய்ந்த நடை ஆகியவற்றை ஒரே நோயின் முகங்களாகச் சேர்த்துப் பார்ப்பது வேறொரு செயல். லண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரை மட்டும் வைத்து எழுதிய சிறுநூலே அதற்குத் தொடக்கம். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். அவரும் எல்லாவற்றையும் பார்த்துவிடவில்லை; தசை இறுக்கத்தைப் பின்னாளில் பாரிஸில் ஷார்க்கோ சேர்த்தார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவரும் அவரே.

பூனைக்காலி விதை பழைய நூல்களில் பெரும்பாலும் வாஜீகரணம் என்னும் ஆண்மை பெருக்கும் பிரிவிலும், உடலுக்கு வலுவூட்டும் மருந்துகளிலும் வருகிறது. பக்கவாதத்துக்கும் முகவாதத்துக்கும் தரப்படும் மாஷபலாதி கஷாயத்தில் உளுந்து, சிற்றாமுட்டி, அமுக்கரா, ஆமணக்கு ஆகியவற்றோடு இதுவும் சேர்கிறது. ஆக, வாதநோய்க்கும் இந்த விதைக்கும் உறவு இருந்தது உண்மை. பல சரக்குகளுள் ஒன்றாக, வலுவூட்டும் பொருளாக இருந்த உறவு அது. நடுக்கத்துக்கென்றே தனித்தெடுத்த மருந்து என்று அதைச் சொல்வது இன்றைய அறிவை நேற்றைய ஏட்டின்மேல் ஏற்றுவதாகும்.

இனி வேதியியல். 1913-இல் பாசல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் ஐரோப்பியர் உண்ணும் ஒருவகை மொச்சையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இரண்டரை கிராம் அளவு தானே விழுங்கிப் பார்த்தார், குமட்டி வாந்தியெடுத்தார். அது எதற்குப் பயன்படும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். ராமஸ்வாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். விதை நம் காட்டுடையது. ஆய்வு நம் சென்னையுடையது. வாதநோய்க் கஷாயத்தில் அவ்விதை சேர்வதை அறிந்த வைத்தியர்களும் அதே ஊரில் இருந்தார்கள். இருந்தும் இவை ஒன்றோடொன்று சந்திக்கவில்லை. இதற்காக எவரையும் குறைகூற இயலாது. அந்த நோயில் மூளைக்கு எது குறைகிறது என்பதை உலகில் எவரும் அறிந்திராத காலம் அது.

அதை அறியும் வழி, வியப்பாக, மற்றொரு இந்திய மூலிகை வழியாகத் திறந்தது. 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பையும் சித்தக் கலக்கத்தையும் தணிப்பதை எழுதினர். அந்த வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957-இல் ரெசர்பின் தந்து அசைவற்றுப்போன முயல்களுக்கு லெவோடோபாவை ஊசிவழி செலுத்தினார். முயல்கள் மீண்டும் எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினர். மறு ஆண்டே நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி செலுத்தப்பட்டது. 1967-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ் மெல்ல மெல்ல அளவைக் கூட்டி வாய்வழி தரும் முறையைக் கண்டார். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பிறகுதான் பூனைக்காலியின் பக்கம் மருத்துவர்களின் பார்வை திரும்பியது. 1978-இல் இந்திய நரம்பியல் இதழில் இவ்விதையால் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தது பற்றிய கட்டுரை வந்தது. 1995-இல் விதைப்பொடியிலிருந்து செய்த மருந்தை 60 நோயாளிகளுக்கு 12 வாரம் தந்து பார்த்த ஆய்வு வெளியாயிற்று. 2004-இல் லண்டனில் 8 பேரிடம் நிகழ்ந்த ஒப்பீட்டில், 30 கிராம் விதைப்பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைந்து வேலை செய்தது. அதன் பலன் சற்று நீண்ட நேரம் நிலைத்தது. மாத்திரைக்கு வழியற்ற ஏழை நாடுகளுக்கு இது உதவுமா என்று இத்தாலிய மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 2017-இல் 18 பேரிடம் ஒற்றைவேளை அளவில் நல்ல பலன் கண்டனர். ஆனால் நாள்தோறும் 16 வாரம் தந்த அடுத்த ஆய்வில், 14 பேரில் 7 பேர் இடையிலேயே விலகினர். நால்வருக்கு வயிற்றுத் தொல்லை. மூவருக்கு அசைவு மேலும் மோசமாயிற்று.

குகன்ஹைமுக்கு வந்த அதே குமட்டல்தான் இது. லெவோடோபா மூளையை அடையுமுன்பே உடலில் சிதைகிறது. அதைத் தடுக்க இன்றைய மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. விதையில் அவ்வளவு திறமான துணை இல்லை. மேலும் விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு வேறுபடும். கடைப்பொடியை மாத்திரையோடு சேர்த்து உண்டால் அளவு மிஞ்சும். மாத்திரைக்குப் பதிலாக உண்டால் அளவு தவறும். மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் செய்யக் கூடாது.

அப்படியானால் ஆயுர்வேதத்துக்கு இந்நோயில் உரிய பெருமை எது? நோய்களை அது எளிதில் தீர்வன, அரிதில் தீர்வன, யாப்யம், கைவிட வேண்டியன என நான்காகப் பகுத்தது. யாப்யம் என்பது தீராதது, ஆனால் தாங்கக்கூடியது. சாயும் வீட்டுக்கு முட்டுக்கொடுப்பதோடு அம்மருத்துவத்தை ஒப்பிடுகிறது சுசுருத சம்ஹிதை. எண்ணெய்த் தேய்ப்பு, ஒற்றடம், வஸ்தி, இதமான உணவு என நாள்தோறும் நோயாளியின் அருகிருக்கும் முறையை அது வகுத்தது. எண்ணெய் தேய்த்து டோபமினைக் கூட்ட முடியாது. ஆயினும் இறுகிய தோளுக்கும் மலச்சிக்கலுக்கும் உறக்கமின்மைக்கும் இந்நோயில் நாள்தோறும் கவனிப்பு வேண்டியிருக்கிறது என்பதை நரம்பியல் மருத்துவர்களும் மறுப்பதில்லை.

லெவோடோபாவும் ஒரு முட்டுத்தான். நோயை அது நீக்குவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பலன் கிடைக்கும் நேரம் குறுகுகிறது. அந்த வகையில் நரம்பியலும் இந்நோயை யாப்யமாகவே நடத்துகிறது. புதூர்நாட்டிலோ வேறொரு மலைச்சிற்றூரிலோ கை நடுங்கும் ஒரு முதியவருக்கு, மூதாதையர் அறிந்தனரா இல்லையா என்ற வழக்கில் தீர்ப்பு தேவையில்லை. நடுக்கத்தை இனங்காணும் மருத்துவரும், மாதந்தோறும் தவறாமல் கிடைக்கும் மாத்திரையும், காலையில் தோளைப் பிடித்துவிட ஒரு கையும் அவருக்கு வேண்டும். தாமோதரனும் ராமஸ்வாமியும் பிரித்தெடுத்த பொருள் சென்னையிலிருந்து அந்த மலைவரை போய்ச் சேர்வதே அவர்கள் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.