கால் மைலும் நைட்ரோவும்: அமெரிக்க டிராக் பந்தயம் விட்டதும் விடாததும்

2008 ஜூலை 2 அன்று அமெரிக்காவின் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் (என்.எச்.ஆர்.ஏ.) ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நைட்ரோமீத்தேனில் ஓடும் டாப் ஃபியூயல், ஃபன்னி கார் ஆகிய இரு பிரிவுகளும் இனிக் கால் மைல், அதாவது 1,320 அடி, ஓட வேண்டியதில்லை. 1,000 அடியோடு பந்தயம் முடியும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த விளையாட்டின் அடையாளமாக இருந்த தூரம் அது. மரபும் பாதுகாப்பும் மோதியதில் பாதுகாப்பு வென்றது என்றே இந்த முடிவைப் பொதுவாக விளக்குகிறார்கள். வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் இந்த விளக்கம் போதாது. அன்று தராசில் இருந்தவை இரண்டு மரபுகள்: ஒன்று தூரம், மற்றது எரிபொருள். தூரத்தைக் கொடுத்து எரிபொருளைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் 1930களிலேயே இளைஞர்கள் பழைய கார்களை முடுக்கி வேகம் பார்த்தார்கள். போருக்குப் பின் அதே ஆசை நகரத் தெருக்களுக்கு வந்தது, விபத்துகளும் வந்தன, செய்தித்தாள்களும் காவல்துறையும் ஹாட் ராட் என்றாலே முகம் சுளித்தன. 1950இல் சான்டா ஆனாவில் ஒரு விமான ஓடுதளத்தில் முறையான பந்தயங்கள் தொடங்கின. மறு ஆண்டு, ‘ஹாட் ராட்’ இதழின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ.வை நிறுவினார். தெருவில் நடப்பதை வேலிக்குள் கொண்டுவந்து, வாகனங்களைச் சோதித்து, விதிகளுக்கு உட்படுத்துவதே அதன் நோக்கம். 1954இல் ‘சேஃப்டி சஃபாரி’ என்ற பெயரில் ஒரு சிறு குழு காரும் டிரெய்லருமாகக் கிளம்பி, ஊர் ஊராகச் சென்று பந்தயத்தைப் பாதுகாப்பாக நடத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தது. ஆக, பாதுகாப்பை வெளியிலிருந்து வந்து மரபைக் குலைத்த ஒன்றாகப் பார்ப்பது தவறு. அந்த அமைப்பு பிறந்ததே அதற்காகத்தான்.

எரிபொருளின் கதை வேறு. நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்துவரும் திரவம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 பங்கு போதும். அதனால் அதே சிலிண்டருக்குள் பல மடங்கு எரிபொருளைத் திணிக்க முடியும். இன்றைய டாப் ஃபியூயல் எஞ்சினின் கொள்ளளவு 500 கன அங்குலம், சுமார் 8.2 லிட்டர்; அதிலிருந்து 11,000 குதிரைத்திறனுக்கு மேல் கிடைக்கிறது. ஓட்டத்தின் நடுவிலேயே ஸ்பார்க் பிளக் முனைகள் எரிந்துபோகும். அதன்பின் வெப்பமும் அழுத்தமுமே எரிப்பைத் தொடர்கின்றன. ஒரு சிலிண்டரில் எரிப்பு நின்றுவிட்டால் எரியாத திரவம் அதில் தேங்கும். அது தவறான கணத்தில் பற்றும்போது எஞ்சினின் மேற்பகுதியே பிய்த்துக்கொண்டு போய்விடும். ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வருவதற்கும் இதே எரிபொருள்தான் காரணம்: புகைக்குழாய்களுக்கு மேல் எழும் தீச்சுவாலை, கண்ணைக் கரிக்கும் நெடி, நெஞ்சுக்கூட்டை உலுக்கும் ஓசை.

1957இல் என்.எச்.ஆர்.ஏ. நைட்ரோவைத் தடை செய்தது. கார்களின் வேகம் ஓடுதளங்களின் தாங்குதிறனை மிஞ்சிவிட்டது என்பது முக்கியக் காரணம். தடை அவர்கள் நினைத்தபடி நடக்கவில்லை. சங்கத்தின் ஆளுகைக்கு வெளியே இருந்த களங்கள் நைட்ரோவை ஓடவிட்டன. 1959இல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் நடந்த பெரும் போட்டிக்கு ஃபுளோரிடாவிலிருந்து டான் கார்லிட்ஸ் வந்து இறங்கினார். கூட்டமும் பெயர்பெற்ற ஓட்டுநர்களும் இருந்த பக்கம் எது என்பது தெளிவாகிவிட்டது. 1963இல் பொமோனா குளிர்காலப் போட்டியில் நைட்ரோ திரும்பி வந்தது. வென்றவர் அதே கார்லிட்ஸ். இந்தத் தோல்வியைச் சங்கம் மறக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். எரிபொருளின் சதவீதத்தைக் கூட்டிக் குறைத்ததுண்டு. அதை முற்றிலும் விலக்கும் துணிவு பின்னர் யாருக்கும் வரவில்லை.

மரபு எப்போது சண்டையின்றி விலகும் என்பதற்கும் கார்லிட்ஸே சான்று. 1970 மார்ச் 8, லாங் பீச்சின் லயன்ஸ் களம். புறப்படும் கோட்டிலேயே அவருடைய காரின் டிரான்ஸ்மிஷன் வெடித்து, வண்டி இரண்டாக முறிந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டாகிப் போனது. அன்றைய டிராக்ஸ்டரில் ஓட்டுநர் பின்சக்கரங்களுக்குப் பின்னால் அமர்ந்திருப்பார், எஞ்சின் அவர் முகத்துக்கு நேர் எதிரே, டிரான்ஸ்மிஷன் காலருகே. எது வெடித்தாலும் எண்ணெயும் தீயும் இரும்புத் துண்டுகளும் அவர்மேல்தான் வந்து விழும். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளும் யோசனையில் இறங்கினார் கார்லிட்ஸ். பின்எஞ்சின் கார் நேராக ஓடாது என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. ஸ்டியரிங்கின் வேகத்தைக் குறைத்தபோது அந்தச் சிக்கல் தீர்ந்தது. 1971 குளிர்காலப் போட்டியை அந்தக் கார் வென்றது. சில ஆண்டுகளில் பழைய வடிவம் களத்தை விட்டே மறைந்தது. உருவ அழகில் அந்தப் பழைய டிராக்ஸ்டருக்கு இணையில்லை என்பார்கள். ஆனாலும் வெற்றியோடு சேர்ந்து வந்த பாதுகாப்பை யாரும் எதிர்க்கவில்லை.

எதையாவது பறித்துக்கொண்டு வரும் பாதுகாப்புக்கோ ஒரு மரணம் தேவைப்பட்டிருக்கிறது. 1992இல் கென்னி பெர்ன்ஸ்டீன் மணிக்கு 300 மைல் எல்லையைக் கடந்தார். 1996இல் பிளேன் ஜான்சன், 2004இல் டாரெல் ரசல் பந்தயத்தில் இறந்தனர். 2004இல் நைட்ரோவின் உச்சவரம்பு 90 சதவீதத்திலிருந்து 85 ஆனது. குறைந்த சதவீதத்தை ஈடுகட்ட அணிகள் எஞ்சின்களை வேறு வழிகளில் கசக்கிப் பிழிந்தன. 2008 தொடக்கத்தில் வரம்பு மீண்டும் 90க்கே திரும்பியது. இடையில் 2007 மார்ச்சில், கெய்ன்ஸ்வில்லில் நடந்த சோதனை ஓட்டத்தில் எரிக் மெட்லன் படுகாயமுற்று, சில நாட்களில் இறந்தார். பின்டயரின் கடும் அதிர்வில் அவர் தலை ரோல் கேஜில், அதாவது ஓட்டுநரைச் சுற்றிய பாதுகாப்புக் கூண்டில், திரும்பத் திரும்ப மோதியிருந்தது. அவர் ஓட்டிய ஜான் ஃபோர்ஸ் அணி அதன்பின் கூண்டின் அகலம், தலையைச் சுற்றிய திண்டு, சட்டகத்தின் வலிமை என ஒவ்வொன்றையும் ஆய்ந்து மாற்றியது. தூரத்தையும் எரிபொருளையும் தொடாமல், ஓட்டுநர் அமரும் இடத்தை மட்டும் மாற்றிய இந்த வேலைக்கு உரிய இடத்தை வரலாறு இன்னும் தரவில்லை.

2008 ஜூன் 21, நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன். 1994, 1995 ஆண்டுகளின் டாப் ஃபியூயல் சாம்பியன் ஸ்காட் கலிட்டா தகுதிச் சுற்றில் ஃபன்னி காரை ஓட்டினார். முடிவுக்கோட்டை நெருங்கும்போது எஞ்சின் வெடித்தது. பாராசூட்டுகள் பழுதாகி, காரைப் பிடித்து நிறுத்தவில்லை. ஓடுதளத்தின் கோடியில் இருந்த மணல்பரப்பையும் தாண்டிச் சென்று மோதியது கார். அதில் இறந்த கலிட்டாவுக்கு வயது 46.

பதினொரு நாட்களில் புதிய தூரம் அறிவிக்கப்பட்டது. அடுத்து டென்வரில் நடந்த போட்டியிலேயே நடைமுறைக்கும் வந்தது. கணக்கு எளிது. 320 அடி குறைத்தால் கார் நிற்பதற்கு 320 அடி கூடுதலாகக் கிடைக்கும். 300 மைல் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 440 அடி ஓடுகிறது. ஆகவே முழு விசையில் எஞ்சின் உழைக்கும் நேரத்தில் முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாகக் கழிகிறது. அந்தக் கடைசிப் பகுதியில்தான் கிளட்ச் முழுதாகப் பிடித்து, எஞ்சின் மீதான சுமை உச்சத்தில் இருக்கும். பழைய ஓடுதளங்கள் பலவற்றைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது. முடிவுக்கோட்டுக்கு அப்பால் நிலம் வாங்க வழியில்லை. எஞ்சினைச் சிறிதாக்குவது, நைட்ரோவைக் கடுமையாகக் குறைப்பது போன்ற வழிகளும் இருந்தன. அவை அந்த ஓசையில் கை வைப்பவை. தற்காலிக ஏற்பாடு என்று அறிவித்த 1,000 அடி இன்றும் தொடர்கிறது; பெட்ரோலில் ஓடும் புரோ ஸ்டாக் போன்ற பிரிவுகள் பழையபடி கால் மைல் ஓடுகின்றன. வலைகளும் மணல்பரப்புகளும் மேம்பட்டன. எஞ்சின் வெடித்தால் தானாகவே எரிபொருளை அடைத்துப் பாராசூட்டை விரிக்கும் கருவியும் கட்டாயமானது.

இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. 2006 நவம்பரில், பட்டத்தைப் பெற வெற்றியோடு தேசியச் சாதனை நேரமும் தேவை என்ற நிலையில் டோனி ஷூமேக்கர் பொமோனாவின் இறுதி ஓட்டத்தில் இறங்கி 4.428 விநாடியில் முடித்தார். அவரிடம் நூலிழையில் பட்டத்தை இழந்தவர் ஸ்காட்டின் உறவினரான டக் கலிட்டா. 1950கள் முதலான எல்லாத் தலைமுறையினரையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க முடிந்ததால்தான் அந்த ஓட்டத்துக்கு அத்தனை மதிப்பு. அந்த அளவுகோல் 2008இல் முறிந்தது.

குறைத்த தூரம் வேகத்தை நெடுநாள் கட்டிவைக்கவுமில்லை. கால் மைல் காலத்தின் உச்சம் 2005இல் ஷூமேக்கர் தொட்ட 337.58 மைல். 2017இல் ராபர்ட் ஹைட் சோனோமாவில் 1,000 அடிக்குள்ளேயே 339.87 மைலைத் தொட்டார். 2024 ஜூன் 23 அன்று வர்ஜீனியாவில், 75 வயது ஜான் ஃபோர்ஸின் ஃபன்னி கார் 302 மைல் வேகத்தில் முடிவுக்கோட்டைக் கடக்கும்போது எஞ்சின் வெடித்துத் தடுப்புச்சுவரில் மோதியது. மூளையில் பலத்த காயத்தோடு அவர் உயிர் பிழைத்தார்; அவ்வாண்டு நவம்பரில் ஓய்வை அறிவித்தார். வெடிப்பு நிகழ்ந்தது 1,000 அடி முடியும் இடத்தில். தூரக்குறைப்பால் அந்த வெடிப்பைத் தடுக்க முடியவில்லை. அவரைக் காத்ததில் மெட்லனின் மரணத்துக்குப் பின் அவருடைய பட்டறை கற்றுக்கொண்ட கூண்டு வேலைக்குப் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது.