கணக்கேடும் கடிதக்கட்டும்



எங்கள் பங்கில் கணக்காளர்களும் வங்கி அலுவலர்களும் நிறுவனங்களின் நிதிப் பொறுப்பாளர்களும் பலர் உளர். தொழிலிலும் வாழ்விலும் முதிர்ச்சி பெற எந்த நூலைப் படிக்கலாம் என்று அவர்களுள் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. இது குருவானவரிடம் கேட்கத்தக்க கேள்வியா என்று நீங்கள் நகைக்கலாம். ஆனால் இன்று உலகெங்கும் வழங்கும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் ஒரு துறவியே.

அவர் பெயர் லூக்கா பச்சோலி. இளமையில் வெனிஸ் நகரில் அந்தோனியோ ரொம்பியாசி என்ற வணிகரின் வீட்டில் தங்கி, அவருடைய மைந்தர்களுக்குக் கணிதம் கற்பித்தவர்; பின்னர் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். 1494இல் வெனிஸில் வெளியான அவரது பெருங்கணித நூலில் 36 அதிகாரங்கள் வணிகக் கணக்கைப் பற்றியவை. அம்முறையைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. இத்தாலிய வணிகர்கள் நெடுங்காலமாகக் கையாண்டதையே ஒழுங்குபடுத்தி எழுதினார். அதுவும் அறிஞரின் இலத்தீனில் அன்று, கடைக்காரனுக்கும் விளங்கும் மக்கள் மொழியில். முதலில் உன் உடைமைகள் யாவற்றையும் பட்டியலிடு; பிறகு நினைவேடு, குறிப்பேடு, பேரேடு என மூன்று ஏடுகளைப் பேணு; ஏட்டின் தொடக்கத்தில் சிலுவை அடையாளமும் இறைவன் பெயரும் இருக்கட்டும் என்பது அவர் வழிகாட்டல். ஓவியர் லியோனார்டோ டா வின்சி இந்நூலை 119 சோல்டி கொடுத்து வாங்கியதாகத் தம் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

எனினும், நூல் கேட்டு வருவோரிடம் நான் முதலில் சொல்வது பச்சோலியை அன்று. அவருக்கு 36 ஆண்டுகள் முன்னர், 1458இல், பெனடெட்டோ கொத்ருல்யி என்ற வணிகர் ஒரு நூல் எழுதினார். இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் இரகுசாவில் பிறந்து நேப்பிள்ஸில் வாழ்ந்த அவர், கொள்ளைநோய்க்கு அஞ்சி நாட்டுப்புறம் ஒதுங்கியிருந்த காலத்தில் எழுதியது அது. நான்கு பாகங்கள்: வணிகம், வணிகனின் சமயம், அவனுடைய நற்பண்புகள், அவனது இல்லம். இரட்டைப் பதிவு முறைக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறிது. பற்றும் வரவும் அறிந்தவன் இன்னும் வணிகன் ஆகிவிடவில்லை என்பது கொத்ருல்யியின் துணிபு. அந்நூல் 1573 வரை அச்சேறவில்லை. 2017இல் ஆங்கில மொழிபெயர்ப்பொன்று வெளிவந்தது, தேடிப் படியுங்கள்.

நூல் கற்பிக்கலாம், ஆனால் நம் முகத்துக்கு நேரே நின்று உண்மையைச் சொல்லாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். இவ்விருவருக்கும் முற்பட்ட ஒரு வணிகருக்கு அத்தகைய ஆள் வாய்த்தார்.

புளோரன்ஸுக்கு அருகிலுள்ள பிராட்டோ நகரில் பிறந்தவர் பிரான்செஸ்கோ டாட்டினி. 1348இன் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தார். பதினைந்து வயதளவில், திருத்தந்தையர் அப்போது தங்கியிருந்த அவிஞ்ஞோன் சென்று, போர்க்கவசம் முதல் துணி வரை விற்றுச் செல்வரானார். 1383இல் ஊர் திரும்பிய பின் பீசா, ஜெனோவா, பார்சலோனா, வலென்சியா, மஜோர்க்கா என அவர் கிளைகள் விரிந்தன. இரவெல்லாம் கடிதம் எழுதுவார். அவர் புளோரன்ஸில் இருக்க, மனைவி மார்கரீத்தா பிராட்டோவிலிருந்து, உறக்கமும் உணவும் மறந்த அவர் வாழ்வைக் கண்டித்து எழுதுவார். அக்கடிதங்களை முதலில் பிறரைக் கொண்டு எழுதுவித்தவர், நடுவயதை எட்டும் வேளையில் தாமே எழுதப் பயின்றார்.

மற்றொருவர் லாப்போ மத்ஸேயி. புளோரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் நொத்தாரிசு. பிள்ளைகள் பலர், வருவாய் சுருக்கம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் டாட்டினிக்கு அவர் கடிதங்கள் எழுதினார். அவற்றில் வரிவழக்கும் வரும், திராட்சை இரசமும் வரும். இடையிடையே, இத்தனை சேர்த்தும் உம் உள்ளத்தில் அமைதி உண்டா என்ற கேள்வியும் வரும். செல்வரிடம் உதவி பெறும் நிலையில் உள்ளவன் இப்படிக் கேட்பது எளிதன்று. நிதிக்குழுக் கூட்டங்களில் நான் அமர்ந்திருந்த அனுபவத்திலிருந்தே இதைச் சொல்கிறேன்.

டாட்டினி உடனே மாறிவிடவில்லை. முதுமையில் வங்கி ஒன்றும் திறந்தார். வட்டிக்காரன் என்ற பெயர் வந்துவிடும் என்று அவருடைய தோழர் ஒருவர் எச்சரித்தும் கேட்கவில்லை. 1400இன் கொள்ளைநோயில் வங்கிப் பங்காளி இறக்க, அம்முயற்சி முடிவுக்கு வந்தது. தாமும் ஒருநாள் இறக்க வேண்டும் என்பதே அந்த முதியவருக்கு விந்தையாகத் தோன்றியதாம். இதைப் பதிவு செய்தவரும் லாப்போதான்.

1410 ஆகஸ்டு 16இல் டாட்டினி மறைந்தார். சில நாள்களுக்கு முன் லாப்போவின் கையால் எழுதப்பட்ட இறுதி விருப்பாவணத்தின்படி, ஏறத்தாழ 70,000 பொன் ஃப்ளோரின் பெறுமதியான சொத்தில் பெரும்பங்கு பிராட்டோவின் ஏழைகளுக்கான அறநிலையத்துக்குச் சென்றது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: அறநிலையம் திருச்சபையின் அதிகாரத்துக்கு உட்படலாகாது, ஊர் மக்களே நடத்த வேண்டும். குருவானவனாகிய எனக்கு இவ்வரி உறைக்கவே செய்கிறது. ஆனால் அவிஞ்ஞோனின் ஆடம்பரத்தைக் கண்டவர் அவர். அவர் இறந்த ஆண்டில் மூவர் தம்மைத் திருத்தந்தை எனக் கூறிக்கொண்டிருந்தனர். அந்த எச்சரிக்கையை நான் குறைகூறத் துணியேன்.

கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென 1,000 ஃப்ளோரின் தனியே ஒதுக்கியிருந்தார். புளோரன்ஸின் மாசற்ற குழந்தைகள் இல்லத்துக்கு அதுவே வித்து. புருனெல்லெஸ்கி வடிவமைத்த அந்த இல்லம் 1445இல் திறக்கப்பட்டது; முதலில் வந்து சேர்ந்த பெண் குழந்தைக்கு அகத்தா என்று பெயரிட்டார்கள்.

டாட்டினியின் தாள்கள் 1870இல் அவர் வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் அகப்பட்டன: 500க்கு மேற்பட்ட கணக்கேடுகள், ஏறத்தாழ 1,50,000 கடிதங்கள். ஐரிஸ் ஓரிகோ 1957இல் எழுதிய பிராட்டோ வணிகரின் வரலாறு இவற்றிலிருந்து பிறந்தது. நான் பரிந்துரைக்கும் இரண்டாவது நூல் அதுவே. லாப்போவின் கடிதங்கள் எதையும் டாட்டினி எறிந்துவிடச் சொல்லவில்லை போலும். சரக்குப் பட்டியல்களோடும் உண்டியல்களோடும் அவையும் அங்கேயே இருந்தன.