அந்த இரவுப் பேச்சு வந்த வழி

குழந்தை தூங்கிவிட்டது. கணவனும் மனைவியும் முந்தைய இரவு போய்வந்த முகமூடி நடன விருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, போன கோடையில் டென்மார்க் கடற்கரையில் தங்கியிருந்தபோது கண்ட ஓர் இளம் அதிகாரியிடம் வந்து நிற்கிறது. அவன் அழைத்திருந்தால் உன்னையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்கிறாள் மனைவி. அவன் அழைக்கவில்லை, அவள் போகவும் இல்லை. நடந்தது அவ்வளவுதான். நோயாளி ஒருவர் வீட்டிலிருந்து ஆள் வர, மருத்துவனான கணவன் கிளம்புகிறான். போனவன் விடியும் நேரம்வரை வீடு திரும்பவில்லை. வியன்னா தெருக்களில் அலைகிறான்.

ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘கனவுக் குறுநாவல்’ இப்படித் தொடங்குகிறது. தாம்பத்தியத்தின் விரிசலைப் பற்றி வந்த கதைகளில் இதை நான் மிக உயரத்தில் வைப்பேன். இதில் மனைவி துரோகம் செய்யவில்லை, தன் மனத்தில் இருந்ததைச் சொல்கிறாள். கணவனைக் கலங்கடிப்பது அந்தச் சொல்தான்.

ஷ்னிட்ஸ்லர் 1862இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவைப் போல அவரும் மருத்துவம் படித்தார். கதைக்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘இரட்டைக் குறுநாவல்’. கணவனின் இரவு ஒன்று, மனைவியின் கனவு ஒன்று என இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் திட்டம். அவருடைய திருமணம் 1921இல் முறிந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு 60 வயது நிறைந்தபோது, உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃப்ராய்ட் வாழ்த்துக் கடிதம் எழுதினார். ஒரே ஊரில் வாழ்ந்தும் இத்தனை காலம் உங்களைத் தேடி வராததற்குக் காரணம், என் இரட்டையை நேரில் பார்த்துவிடுவேனோ என்ற அச்சம்தான் என்ற பொருளில் அதில் சொல்லியிருந்தார்.

கதை 1925, 26இல் பெர்லினிலிருந்து வந்த ‘டீ டாமே’ என்ற பெண்கள் பத்திரிகையில் தொடராக வெளியாகி, 1926இல் புத்தகமானது. மனைவி வாய்திறந்து பேசும் கதை முதலில் பெண்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

1931இல் ஷ்னிட்ஸ்லர் இறந்தார். இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் அவருடைய புத்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 1938இல் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் நுழைந்தபோது அவருடைய கையெழுத்துப் படிகள் வீட்டிலேயே இருந்தன. அப்போது அந்த ஊரிலிருந்த ஓர் ஆங்கிலேய மாணவர் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் பேசி, தாள்கள் இருந்த அறைக்கு முத்திரை வைக்கச் செய்தார். அவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ப் பிழைத்தன.

திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இந்தக் கதையின் உரிமையை வாங்கிவைத்தார். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1970களின் தொடக்கத்திலேயே இதைப் படமாக்கப்போவதாக அறிவித்தும் விட்டது. ஆனால் அவர் வேறு படங்களை எடுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டினை மருத்துவனாக வைத்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தார். 1990களில்தான் ஃப்ரெடெரிக் ரஃபேலோடு உட்கார்ந்து திரைக்கதை எழுதினார். கணவன் மனைவியாக நடித்த டாம் குரூஸும் நிக்கோல் கிட்மனும் அப்போது உண்மையிலேயே கணவன் மனைவி.

வியன்னா நியூயார்க் ஆனது, திருவிழாக் காலம் கிறிஸ்துமஸ் ஆனது. டென்மார்க் அதிகாரி கேப் காட் கடற்கரையின் கப்பற்படை அதிகாரியாக மாறினான். அலையும் அந்த இரவில் கணவன் போய்ச் சேரும் ரகசிய முகமூடி விருந்துக்குள் நுழைவதற்கான அடையாளச் சொல் கதையில் ‘டென்மார்க்’. மனைவியின் ஆசை பிறந்த இடத்தின் பெயரையே சொல்லிக்கொண்டு கணவன் உள்ளே போகிறான். படத்தில் அது ‘ஃபிடேலியோ’. கணவனைச் சிறையிலிருந்து மீட்க ஆண்வேடம் போடும் மனைவியைப் பற்றி பீத்தோவன் எழுதிய ஆபராவின் பெயர் அது. பொருத்தமான பெயர்தான், ஆனாலும் பழைய சொல்லில் இருந்த வலி இதில் இல்லை. கதையில் மருத்துவனைத் தெருவில் இடித்துவிட்டுப் போகிறவர்கள் யூத வெறுப்புக்குப் பேர்போன மாணவர் சங்கத்தார். படத்தில் சில இளைஞர்கள் அவனை ஓரினச் சேர்க்கையாளன் என்று ஏசிவிட்டுப் போகிறார்கள். ஷ்னிட்ஸ்லரின் ஊர்க்காயம் அங்கே மறைந்துபோனது. சிட்னி போலக் நடித்த பணக்காரர் ஸீக்லர் கதையில் இல்லாதவர். பில்லியர்ட்ஸ் அறையில் அவர் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லும் நீண்ட காட்சி இல்லாமலேயே படம் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

படுக்கையறைக் காட்சிக்கு மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. உன்மேல் எனக்குச் சந்தேகமே வராது என்று கணவன் சொன்னதும் மனைவி ஆலிஸ் சிரிக்கத் தொடங்குகிறாள். சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் சரிகிறாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த அதிகாரியைப் பற்றிச் சொல்கிறாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. கிட்மன் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே விடும் இடைவெளியில் கணவனின் முகம் மெல்ல மெல்ல இறுகுகிறது.

குப்ரிக் விமானம் ஏறாதவர். அதனால் நியூயார்க் தெருக்களே இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டுடியோவுக்கு வந்தன. 1996 நவம்பரில் தொடங்கிய படப்பிடிப்பு 1998 வரை நீண்டு, 400 நாள் தொடர்ந்து நடந்ததென்று கின்னஸ் பதிவில் ஏறியது. 1999 மார்ச் முதல் வாரத்தில் குப்ரிக் தன் தொகுப்பை நடிகர்களுக்கும் நிறுவனத்துக்கும் காட்டச் செய்தார். மார்ச் 7ஆம் தேதி தூக்கத்திலேயே இறந்தார். அவருக்கு வயது 70.

படம் ‘ஐஸ் வைட் ஷட்’ என்ற பெயரில் ஜூலையில் வெளியானது. முகமூடி விருந்துக் காட்சியில் ஒலிக்கும் ஓர் ஆண்குரல், லண்டனில் வாழ்ந்த ஈழத்துக் கர்நாடக இசைப் பாடகர் மாணிக்கம் யோகேஸ்வரனுடையது. இசையமைப்பாளர் ஜோசலின் பூக் அவருடைய பழைய பதிவு ஒன்றை எடுத்துப் பயன்படுத்தியிருந்தார். பதிவில் இருந்தவை பகவத் கீதையின் வரிகள். காமக் களியாட்டத்தின் பின்னணியில் கீதையா என்று இந்து அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அதே சாயலில் வேறொரு பதிவைச் செய்யவைத்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். புரியாத மொழி என்பதால் ஒருவரின் வேதத்தை வெறும் ஓசையாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே நேரம், உலகம் முழுக்க ஓடிய ஒரு படத்தின் நடுவே நம் பாடகர் ஒருவரின் குரல் கேட்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.

அமெரிக்கத் தணிக்கைக்கு அதே காட்சியில் வேறொரு சிக்கல் இருந்தது. அப்படியே விட்டால் 17 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்கள் பெற்றோருடன் வந்தாலும் பார்க்கக் கூடாத படம் என்ற முத்திரை விழும். அந்த முத்திரை விழுந்த படத்தைப் பல திரையரங்குகள் எடுப்பதில்லை. ஆகவே கணினியில் வரைந்த அங்கி உருவங்களை உடல்களுக்கு முன்னால் நிறுத்தி மறைத்தார்கள். ஐரோப்பாவில் படம் மறைப்பில்லாமல் ஓடியது. அமெரிக்க விமர்சகர்கள் கொதித்தார்கள், கொதித்ததில் தவறே இல்லை. பெரியவர்களுக்கென்று எடுத்த படத்தைப் பெரியவர்களிடமிருந்தே மறைப்பதில் என்ன அர்த்தம்?

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஒரு குழந்தை பார்க்கக் கூடாத காட்சி விருந்துக் காட்சி என்று தணிக்கை முடிவுசெய்தது, சரி. ஆனால் வயது வந்த மனிதரை உலுக்கும் காட்சி படுக்கையறைப் பேச்சு. அதில் யாரும் யாரையும் தொடவில்லை. பத்து, பதினைந்து ஆண்டு ஒன்றாக வாழ்ந்த பிறகே அதன் கனம் புரியும். திருமணத்துக்குமுன் பார்த்தபோது எனக்கு அந்தக் காட்சி நீளமாகத் தெரிந்தது. பின்னால் பார்த்தபோது மூச்சு முட்டியது.

அமெரிக்காவில் 2007இல் வந்த டிவிடியில் அந்த அங்கி உருவங்கள் இல்லை. படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், முகமூடி விருந்துக்காகக் காத்திருக்காமல் ஆலிஸ் ஜன்னலோரம் உட்காரும் இடத்தைக் கவனியுங்கள். முடிந்தால் உங்கள் துணையோடு உட்கார்ந்து பாருங்கள்.