ஏடு முதல் மடிக்கணினி வரை: வகுப்பறைக் கருவி யாருடையது?

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பாடவிதானங்களையும் ஆசிரியப் பெருமக்களையும் கல்விச் சட்டங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின், மாணவர் எக்கருவியைக் கையிலேந்தி வகுப்பறையுட் புகுந்தனர், அக்கருவி அவர்க்குரியதா நிறுவனத்துக்குரியதா என்னும் வினா பெரிதும் எழுப்பப்படுவதில்லை. மாணவர் தத்தம் மடிக்கணினியை விரிவுரை மண்டபத்தின் கட்புல செவிப்புல சாதனங்களோடு இணைத்துக் கட்டுரை சமர்ப்பிக்கும் இக்காலத்தில், அவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

நமது திண்ணைப் பள்ளிகளில் கருவி மாணவருடையதாகவே இருந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, பின்னர் ஏட்டையும் எழுத்தாணியையும் கையிலெடுத்தது. சென்னையில் ஆண்பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியொன்றை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல் என்பார், ‘மலபார்’ப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தமிழரை அக்கால ஐரோப்பியர் மலபார் என்றே வழங்கினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையும் மணலெழுத்தும் ‘சென்னை முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்துக்குச் சென்றன. விலையற்ற மணலே அன்று வறியவருக்கும் செல்வருக்கும் பொதுவான எழுதுபலகையாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1925 டிசெம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது. காலப்போக்கிற் கல்வி ஒலிபரப்பும் பாடசாலைகளை எட்டியது. திரைப்படக் கருவியும் வகுப்பறைக்கு வந்தது. இவை யாவும் நிறுவனத்தின் உடைமைகள். மாணவர் கேட்போரும் காண்போருமாக மட்டுமே அமர்ந்தனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைப் பயிற்சிக்குப் பயன்பட்டுப் பின்னர் பள்ளிகளுக்குப் பரவிய மேல்தலை எறியி ஒன்றே சற்று வேறுபட்டது. கண்ணாடித் தாளிற் பேனாவால் எழுதியதை அது பெரிதாக்கிக் காட்டியமையால், எந்த மொழியின் எழுத்தும் அதற்கு அந்நியமாகவில்லை. கையெழுத்து உள்ளவரை தமிழுக்குத் தடையிருக்கவில்லை எனலாம்.

தடை தோன்றியது கணினியின் வருகையோடுதான். 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 2001இற் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்த திருகோணமலை வளாகத்தின் வரலாறும், இலங்கையில் கணினி பரவிய வரலாறும் ஏறத்தாழ ஒரே காலத்தன. அக்காலத்தில் நமது நாட்டிற் பெருவழக்காயிருந்த தமிழ் எழுத்துரு பாமினியாகும். அது ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியிற் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சிதைந்து தோன்றும். மண்டபத்திலுள்ள பொதுக் கணினியை நம்பாது தமது கணினியையே சுமந்துவர வேண்டிய தேவை தமிழில் எழுதியோருக்குச் சிறப்பாக இருந்தமைக்கு இதுவே காரணம். அவர்தம் எழுத்து அக்கருவிக்குள்ளேயே குடியிருந்தது.

1991இல் வெளியான யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் அது அன்றாட வழக்காவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. இலங்கையிற் கணினித் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தர நியமம் 2008ஆம் ஆண்டுக்குரியது. இன்று யுனிகோட்டில் எழுதிய கோப்பு எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கிறது. பழைய பாமினிக் கோப்புகளோ இன்னும் மாற்றத்தை வேண்டி நிற்கின்றன.

எழுத்தின் இணைப்பு இவ்வாறாக, கம்பியின் இணைப்பும் தனி வரலாறுடையது. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. என்னும் பதினைந்து ஊசி இணைப்பு, மாணவர் ‘மல்ரிமீடியா’ என்றழைக்கும் பல்லூடக எறியியின் பொதுவாயிலாக நெடுங்காலம் விளங்கியது. அது படத்தை மட்டுமே கடத்தும். ஒலிக்கு வேறு கம்பி வேண்டும். நிலாவெளிக் கரையிற் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலைப் பதிவுசெய்து வரும் கலைப்பீட மாணவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஒலியின்றேல் அவரது சான்றே இல்லையாகும். 2002இன் இறுதியில் வரையறுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. படத்தையும் ஒலியையும் ஒருங்கே கடத்தியது. 2010இற் பெரு நிறுவனங்கள் சில வி.ஜி.ஏ.யைக் கைவிடப்போவதாக அறிவித்தன. மண்டபத்து எறியி பழையதாகவும் மாணவர் கணினி புதியதாகவும் அமையுமிடத்து, இடையில் ஒரு சிறு மாற்றியின்றி இரண்டும் பேசுவதில்லை.

சொந்தக் கருவியின் நன்மையையும் குறையையும் அண்மைக்கால நெருக்கடிகள் இரண்டு புலப்படுத்தின. 2022இல், நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்வெட்டு நிகழ்ந்த நாட்களில், எறியிகள் அணைந்தபோதும் மின்கலமுள்ள மடிக்கணினி சில மணிநேரம் இயங்கவல்லதாயிருந்தது. ஆனால் 2020இற் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, மடிக்கணினி இல்லாதோர் கைப்பேசியின் சிறு திரையிலேயே விரிவுரைகளைப் பின்தொடர நேர்ந்தது. ‘உமது கருவியை நீரே கொணர்க’ என்னும் ஏற்பாடு சுதந்திரம்போலத் தோன்றினும், நிறுவனத்தின் செலவை மாணவர் குடும்பத்தின் தோளில் ஏற்றுவதாகவும் அமையக்கூடும். மீனவர், கமக்காரர், கூலித் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் பயிலும் நமது மாவட்டத்தில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணிபுரிந்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானம் பயின்ற தமிழறிஞர். 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். புதிய அறிவு தமிழில் நிலைபெறச் சொற்கள் வேண்டும் என்பதை அன்னார் உணர்ந்திருந்தார். இன்று சொல்லோடு எழுத்துருவும் இணைப்பும் வேண்டப்படுகின்றன. ஆதலின், ஒவ்வொரு விரிவுரை மண்டபத்திலும் யுனிகோட் தமிழ் இயங்கும் பொதுக் கணினி ஒன்றும், பழைய புதிய இணைப்புகள் இரண்டுக்குமான மாற்றிகளும், ஒலிக்கம்பியும் இருத்தல் வேண்டும். கருவியற்றோர் இரவல் பெற நூலகத்தில் மடிக்கணினிகள் சிலவும் வைக்கப்படல் வேண்டும். கருவியை உடையவரும் இல்லாதவரும் தம் ஆய்வைத் தம் எழுத்தில் ஒருசேர அவைமுன் வைக்கக்கூடிய வகுப்பறையே, முன்னாளில் மணல் அளித்த சமத்துவத்தை மீளவும் அளிப்பதாகும்.